“ஏன் இத்தனை நாள் வரல?” – திருநங்கை நோயாளி எழுந்து போனது ஏன் என்று கேட்ட செவிலியருக்கு

சிஸ்டர், உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தாலுகா அரசு மருத்துவமனை ஒன்றில் நீங்கள் செவிலியர். போன வாரம் முப்பது வயது மதிக்கத்தக்க திருநங்கை ஒருவர் வந்திருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது, தொட்டால் வலி, பத்து நாளாக அப்படித்தான் என்றார். “ஏன் இத்தனை நாள் வரல?” என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்து, “ஊசி, மாத்திரை ஏதாவது போட்டுக்கிறியா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் முகம் மாறி, ஓ.பி. சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். “நான் திட்டவில்லை, அக்கறையில்தான் கேட்டேன். என்ன தப்பு செய்தேன்? இவர்கள் ஏன் எப்போதும் முற்றவிட்டே வருகிறார்கள்?” என்று கேட்கிறீர்கள்.

தப்பு எது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கால்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, அடிபட்டதாக அவர் சொல்லவில்லை, கெண்டைக்கால் வலிக்கிறது என்றால், ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டி.வி.டி. என்று நீங்கள் படித்ததுதான். திருநங்கைகளில் பலர் டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி, தினம் ஒன்று என்று அட்டையில் இருப்பதை இரண்டாகவும் மூன்றாகவும் போட்டுக்கொள்கிறார்கள். அதில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். திருநர்களுக்கான (திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது) ஹார்மோன் சிகிச்சை வழிகாட்டுதல்கள் தவிர்க்கச் சொல்வதே இந்த வகையைத்தான். பீடி சிகரெட் பழக்கமும் இருந்தால் ஆபத்து இன்னும் ஏறும். அந்த ரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவரைத் தேடிப் பிடியுங்கள். சீட்டில் முகவரி இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடமோ, திருநங்கைகளிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்யும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளரிடமோ சொன்னால், ஒரே நாளில் அந்த ஊர் ஜமாத்துக்கு, அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழுவுக்கு, செய்தி போய்விடும். காலை எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108க்கு அடிக்கச் சொல்லுங்கள் என்று இரண்டு வார்த்தையையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.

அதைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் நம்பிக்கை மைய ஆலோசகராகப் பதினான்கு வருடம் இருந்தவள். திருநங்கைகள், திருநம்பிகள், ஆண் பெண் என்ற இரண்டுக்குள்ளும் தங்களை வைத்துக்கொள்ளாதவர்கள் என்று பலருக்குத் துணையாகப் பல ஓ.பி.க்களில் வரிசையில் நின்றிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்ட ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தவர் என்று நாம் நினைக்கும் திருநர் நோயாளி, பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு முறை வந்து திரும்பிப் போனவர். அந்த முதல் வருகை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஒருவர் கதையைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி. அவருக்கு இளம் வயதில் நிர்வாணம் நடந்தது. ஆணுறுப்பையும் விரைகளையும் நீக்கும் சடங்குக்குச் சமூகத்தில் சொல்லும் பெயர் அது. டாக்டரிடம் செய்துகொண்டால் டாக்டர் நிர்வாணம், அனுபவப்பட்ட மூத்தவர் கையால் என்றால் தாயம்மா நிர்வாணம். இவருக்குத் தாயம்மா கையால். நாற்பது நாள் பத்தியம், சடங்கு எல்லாம் முடிந்து காயம் ஆறியது. ஆறும்போது சிறுநீர்த் துவாரமும் சுருங்கிக்கொண்டது. கொஞ்ச வருடத்தில் நூல் போலத்தான் சிறுநீர் வந்தது. உட்கார்ந்தால் கால் மணி நேரம். வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்.

அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டப் போனார். மருத்துவப் பெயர் மீட்டல் ஸ்டெனோசிஸ். துவாரத்தை விரித்துவிடுவது அல்லது சிறிதாகக் கீறிவிடுவது, பல சமயம் அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அன்று நடந்தது வேறு. துணியை விலக்கச் சொன்ன டாக்டர், பக்கத்து அறையிலிருந்த மாணவர்களையும் கூப்பிட்டார். எட்டுப் பேர் வந்து நின்று பார்த்தார்கள். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. “எங்க பண்ணிக்கிட்டே, யார் வெட்டினது, வலிச்சுதா” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சிறுநீர் எப்படிப் போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தவர், நேராக பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, குளிர்க்காய்ச்சலோடு இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். சிறுநீர் தேங்கித் தேங்கி, தொற்று மேலேறி, சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தது. அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் நல்லவர், பதறிப்போய்க் கேட்டார்: “ஏம்மா இத்தனை நாள் வரல?” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்தேனே அக்கா” என்றார். டாக்டர் காதில் விழாத குரலில்.

உங்கள் மேசையில் சீட்டை வைத்துவிட்டுப் போனவருக்கும் இப்படி ஒரு முதல் வருகை இருந்திருக்கும் என்பது என் ஊகம். “ஏன் இத்தனை நாள் வரல” என்பது நம் காதுக்கு அக்கறை. அவர் காதுக்கு அது பழி. விரட்டியவர்கள் வேறு யாரோ, பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அவர் எதையெல்லாம் கடந்து வந்திருப்பார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். சீட்டு போடும் கவுன்டரில் பெயர். ஆதாரில் பழைய பெயர் இருக்கும். அதைத்தான் எழுதுவார்கள், அதைத்தான் சத்தமாகக் கூப்பிடுவார்கள். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஓர் ஆண் பெயரைக் கூப்பிட்டதும் புடவை கட்டிய ஒருவர் எழுந்தால், நூறு தலையும் திரும்பும். எழாமல் போனால் முறை போய்விடும். எனக்குத் தெரிந்து ஒருவர் காய்ச்சலோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, தன் பெயர் வந்தபோது எழாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். அப்புறம் ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்ற கேள்வி. ஊசி போடும் அறையில் திரை இருக்கிறதா என்ற பயம். கழிவறை. ஸ்கேனுக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், எந்தக் கழிவறைக்குப் போவது என்று தெரியாமல் அந்த நிலையில் காத்திருப்பதை யோசியுங்கள்.

அட்மிஷன் என்றால் வார்டு. ஆண்கள் வார்டில் போட்டால் இரவு முழுக்கத் தூங்க மாட்டார்கள். அந்தப் பயம் கற்பனை கிடையாது, கை வைத்தவர்களைப் பற்றி என்னிடம் அழுதவர்கள் உண்டு. பெண்கள் வார்டில் போட்டால் பக்கத்துக் கட்டிலின் உறவினர் சண்டைக்கு வருவார். கடைசியில் வராந்தாவில் ஒரு கட்டில். தனி அறை கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நல்லெண்ணத்தில் நினைக்கிறார்கள். ஆளே வராத மூலையறையில் போட்டுவிட்டு டிரிப் தீர்ந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை என்றால் அதுவும் தண்டனைதான். எங்கே படுத்தால் அவருக்குப் பயமில்லை என்று அவரையே கேட்டால் போதும். பெரும்பாலான திருநங்கைகள் பெண்கள் வார்டு என்பார்கள். பக்கத்துக் கட்டில் உறவினரிடம் பேசிப் புரியவைப்பது நம் வேலை, அதை நோயாளி தலையில் கட்டக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, “போட்டுக்கிறியா”. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், அதில் இருந்த ‘றியா’தான் முதலில் குத்தியது. அவருக்கு முன்னால் வந்த அம்மாவிடமும், பின்னால் வந்த ஐயாவிடமும் நீங்கள் ‘ங்க’ போட்டுத்தான் பேசியிருப்பீர்கள். திருநங்கை வந்ததும் ஒருமை தானாக வந்துவிடுகிறது. இதில் நம் மொழி நமக்கு ஒரு பெரிய வசதியைக் கொடுத்து வைத்திருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. தமிழில் மரியாதைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. வாங்க, உட்காருங்க, சொல்லுங்க. அவங்க வந்தாங்க, அவர் சொன்னார். இதில் எந்த இடத்திலும் எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. மரியாதையைக் குறைக்கும்போதுதான் அவன், அவள் என்ற சிக்கலே வருகிறது. ஆங்கிலத்தில் படித்த டாக்டர்கள் என்ன சுட்டுப்பெயர் போடுவது என்று குழம்பி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ‘அவங்க’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆணும் பெண்ணும் அல்லாத நான்-பைனரி ஆட்களுக்கும் அந்த ஒரு சொல்லே போதும். ‘அது’ என்று மட்டும் யாரும் சொல்லக் கேட்டால், அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். கேஸ் ஷீட்டை மாற்றிக் கொடுக்கும் நேரத்தில் “அந்த அது வந்திருக்கு” என்று சிரிப்பவர்கள் உண்டு. நோயாளியின் காது எப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டது தப்பில்லை, கட்டாயம் கேட்கத்தான் வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. “கால் வீக்கத்துக்குச் சில மாத்திரை காரணமா இருக்கலாம். எல்லாரையும் கேக்கிறதுதான். ஹார்மோன் மாத்திரை எதாவது எடுக்கிறீங்களா? கடையில தானா வாங்கினதா இருந்தாலும் பரவாயில்ல, அட்டை இருந்தா காட்டுங்க, திட்ட மாட்டேன்.” இப்படிக் கேட்டு எனக்குப் பதில் வராமல் போனதே இல்லை. காரணம் சொல்லாமல் “ஊசி போட்டுக்கிறியா” என்றால், போதை ஊசியா என்று கேட்பதாகத்தான் அவருக்குப் படும்.

அதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. ஹார்மோன் எடுக்கிறார் என்று தெரிந்ததும் எல்லா நோய்க்கும் அதையே காரணமாக்கிவிடுவது. தலைவலியா, ஹார்மோன். வயிற்றுவலியா, ஹார்மோன். “அதையெல்லாம் நிறுத்திட்டு வா, அப்புறம் பாக்கலாம்.” கையொடிந்து போனாலும் ஹார்மோன் பேச்சே எடுப்பார்கள் என்பதற்கு ஆங்கிலம் பேசும் திருநர்களிடையே ‘டிரான்ஸ் ப்ரோக்கன் ஆர்ம் சிண்ட்ரோம்’ என்றே பெயர் உண்டு. நிறுத்து என்று சொல்வது லேசு. விரை நீக்கிய ஒருவரின் உடலில் சொந்த ஹார்மோன் சுரப்பு ஏறக்குறைய இருக்காது. வெளியிலிருந்தும் எடுக்காமல் வருடக்கணக்கில் விட்டால் எலும்பு மெலியும். நிர்வாணத்துக்குப் பிறகு, இனித் தேவையில்லை என்று நிறுத்திவிட்டு, நாற்பது வயதில் இடுப்புவலி என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தச் சொல்வதைவிட, சரியான மருந்துக்கு மாற்ற வழி காட்ட வேண்டும்.

காய்ச்சல் என்று வந்தாலும் எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதிவிட்டு, அந்தச் சீட்டை எல்லோர் முன்னாலும் நீட்டுவது என் துறையில் நான் அதிகம் சண்டை போட்ட விஷயம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவைப் பிறருக்குச் சொல்லக் கூடாது, பாசிட்டிவ் என்பதால் சிகிச்சையை மறுக்கக் கூடாது. திருநங்கை என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சோதனையை முதலில் எழுதுவது, உன்னை நான் என்னவாக நினைக்கிறேன் பார் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான்.

ரத்த வங்கியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜமாத்தில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன், ரத்தம் தேவை. அவருடைய அம்மாவும் மகள்களுமாக ஐந்து பேர் ஓடி வந்தார்கள். ஜமாத்தில் அம்மா, மகள் என்பதெல்லாம் அவர்களே கட்டிக்கொண்ட உறவு, பெற்ற உறவைவிடக் கெட்டி. ஐந்து பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2017ஆம் ஆண்டின் தேசிய ரத்ததான விதிமுறை, திருநர்களை ஆள் பார்த்து, பரிசோதனை பார்த்து அல்லாமல் ஒட்டுமொத்தமாகவே தகுதியற்றவர்கள் பட்டியலில் வைத்தது. அதை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த சாந்தா குராய் 2021இல் உச்ச நீதிமன்றம் போனார். அன்று அந்த ஐந்து பேருக்கும் இதை விளக்க என்னிடம் வார்த்தை இல்லை.

நீங்கள் திருநங்கைகளைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். திருநம்பிகள் உங்கள் ஓ.பி.க்கும் வந்திருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி, ஆணாக வாழ்பவர்கள். தாடி, கட்டைக் குரல், சட்டை. கண்ணுக்குப் படாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு, ஆஸ்பத்திரியில் அதுவே ஆபத்தாகிவிடுகிறது.

2019 மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு சம்பவம் வெளியானது. அமெரிக்காவில் 32 வயது திருநம்பி ஒருவர் கடும் வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். தான் திருநம்பி என்று சொன்னார். வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றும் சொன்னார். பதிவேட்டில் ஆண் என்று இருந்தது. பார்த்த செவிலியர், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்ட பருமனான ஓர் ஆண், அவசரமில்லை என்று எடுத்துக்கொண்டார். பல மணி நேரம் கழித்துத்தான் பிரசவ நேரம் என்பதும் தொப்புள்கொடி முன்னால் நழுவியிருப்பதும் தெரிந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. அந்தச் செவிலியர் கெட்டவர் இல்லை, நோயாளி சொன்னதைக் காதால் கேட்டும் இருக்கிறார். ஆனால் ‘ஆண்’ என்ற ஒரு சொல் மனதில் உட்கார்ந்துவிட்டது, கர்ப்பம் என்ற சொல் அதற்குள் நுழையவில்லை. நான் பயிற்சி கொடுக்கும் இடத்திலெல்லாம் இந்தச் சம்பவத்தைச் சொல்வேன். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது.

ஆகவே பால் என்ன என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு நகரக் கூடாது. எந்த உறுப்பு இருக்கிறது, எதை எடுத்திருக்கிறார்கள், என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் வைத்தியத்துக்கு வேண்டிய கேள்வி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் மாதவிலக்கு நிற்கலாம், ஆனால் அது கருத்தடை ஆகாது. கர்ப்பப்பை வாய் இருக்கிறவரை, தாடி வைத்திருந்தாலும், அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டும். அதே போல் கீழ் அறுவை சிகிச்சை முடிந்த திருநங்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி உள்ளே அப்படியே இருக்கும், பொதுவாக அதை எடுப்பதில்லை. திருநம்பியின் ஹீமோகுளோபினைப் பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டு அதிகம் என்று பதறுவதையும், ஏற வேண்டிய அளவைத் தாண்டி ஏறியிருப்பதைக் கவனிக்காமல் விடுவதையும் பார்த்திருக்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவருக்கு ஆண்களின் அளவை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மார்பை இறுக்கிக் கட்டும் பழக்கம். மூச்சு முட்டல், விலா வலி என்று வரும் இளைஞர் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றால் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகக் கேளுங்கள்.

திருநம்பிகளில் பலருக்கு முதல் டாக்டரே மனநல மருத்துவர்தான், வீட்டில் இழுத்துக்கொண்டு போனதால். “கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்” என்று சொன்ன டாக்டர்கள் உண்டு, தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்து மயக்கத்திலேயே வைத்தவர்கள் உண்டு. இன்று அது சட்டப்படி நிற்காது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில், ஒருவரின் பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைக்குத் தடை சொன்னார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை செய்வதைத் தொழில் நடத்தை மீறல் என்று அறிவித்தது. உலக சுகாதார அமைப்பும் ஐ.சி.டி. என்ற தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் திருத்தத்தில் திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறை. ஆனால் பாடம் மாறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் அதே ஆணையம் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில், பெண் பெண்ணை விரும்புவது இயற்கைக்கு மாறான குற்றம் என்ற பட்டியலில் மறுபடியும் ஏறியிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். இன்று பணியில் இருக்கும் பெரும்பாலான டாக்டர்கள் படித்தது அந்தப் பழைய பக்கங்களைத்தான். ஆகவே அவர்களை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை, கற்றுக்கொடுக்காமல் விட்ட பாடத்தின் பலனைத்தான் பார்க்கிறேன்.

நான்-பைனரி ஆட்களுக்கு இன்னொரு கஷ்டம். ஹார்மோனோ அறுவை சிகிச்சையோ வேண்டுமென்றால் மனநல மருத்துவரின் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே ஒரு கதையை எதிர்பார்ப்பார்கள்: சின்ன வயதிலிருந்தே புடவை கட்ட ஆசை, அல்லது சின்ன வயதிலிருந்தே சட்டை போட ஆசை. இரண்டும் இல்லை, எனக்கு இந்த மார்பு மட்டும் வேண்டாம், ஆணாகவும் ஆக வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், “முதல்ல நீ முடிவு பண்ணிட்டு வா” என்று அனுப்பிவிடுகிறார்கள். அதனால் அவர்கள் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். எந்தக் கதைக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். வைத்தியரிடம் பொய் சொன்னால்தான் வைத்தியம் என்ற நிலைக்கு ஒரு நோயாளியைத் தள்ளினால், அடுத்து அவர் சொல்லும் எந்தத் தகவலை நம்பி மருந்து எழுதுவது?

கையெழுத்து விஷயம் உங்கள் வார்டில் கட்டாயம் வரும், அதனால் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன் “ரத்த சொந்தம் யாராவது கையெழுத்துப் போடணும்” என்பார்கள். பதினைந்து வயதில் வீட்டை விட்டு அடித்துத் துரத்தப்பட்டவர் யாரைக் கூட்டி வருவார்? நினைவோடு, தெளிவாக இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதல்தான் ஒப்புதல். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவர் தாயிடம் வாங்கிய சம்மதமே செல்லாது என்றது. தாயின் கையெழுத்தே நோயாளியின் கையெழுத்துக்கு ஈடாகாத இடத்தில், ஊரில் இருக்கும் அண்ணன் வந்தால்தான் ஆபரேஷன் என்று காத்திருக்க வைக்க நியாயமில்லை. துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் ஜமாத்து அம்மா இருக்கிறார், அவரை அட்டெண்டராக எழுதிக்கொள்ளுங்கள். கட்டில் பக்கத்தில் ராத்திரி விழித்திருக்கப் போவது அவர்தான்.

தமிழ்நாட்டில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டிலேயே முதல் திருநங்கையர் நல வாரியம் 2008இல் இங்கேதான் வந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று வந்த உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு, ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையையும், மருத்துவமனைகளில் உரிய கவனிப்பையும் சொன்னது. 2019இல் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன், ஆலோசனை, காப்பீடு, மருத்துவப் பாடத்திட்ட மறுஆய்வு வரை அரசின் கடமையாக எழுதிவைத்தது. ஆண், பெண் என்று வரையறுக்க முடியாத உடற்கூறோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, பால் திருத்த அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று 2019 ஆகஸ்டில் அரசாணை போட்டதும் தமிழ்நாடுதான், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே கிளினிக் வந்தது. அங்கே போய் வந்த சிலர், “பேரைச் சரியாக் கூப்பிட்டாங்க அக்கா” என்பதைத்தான் முதல் செய்தியாகச் சொன்னார்கள். ஆபரேஷன் பற்றியெல்லாம் பிறகுதான்.

ஆனாலும் தனி கிளினிக்கை மட்டும் நம்பி இருப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஹைதராபாத்தில் 2021இல் மித்ர் கிளினிக் தொடங்கியது. அங்கே பணியாற்றியவர்களும் திருநர்களே, பொதுவைத்தியம் முதல் ஹார்மோன் வரை ஒரே இடத்தில். அமெரிக்க நிதியுதவியில் நடந்தது. 2025 தொடக்கத்தில் அந்த நிதியை நிறுத்தினார்கள், கிளினிக்கை மூட வேண்டியதாயிற்று. அங்கே மட்டும் பழகியிருந்தவர்கள் மறுநாள் எங்கே போவார்கள்? பல்வலியும் பாம்புக்கடியும் கிளினிக் நாள் பார்த்து வராது. விழுப்புரத்தில் இருப்பவர் காய்ச்சலுக்குச் சென்னைக்குப் போக முடியாது. அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிதான் சிஸ்டர், நீங்கள்தான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் கேட்ட விதத்தில் இரண்டு சொல் பிசகியது, அவ்வளவுதான். அவர் திரும்பி வந்தால் பழைய பேச்சை நீளமாக விளக்க வேண்டாம். “அன்னைக்கு நான் கேட்டது உங்களுக்கு வருத்தமாயிருச்சு, மன்னிச்சுக்குங்க. நீங்க வந்ததுல எனக்கு நிம்மதி” என்று சொல்லி நாற்காலியைக் காட்டுங்கள். எந்தப் பெயரால் கூப்பிடட்டும் என்று கேட்டு, சீட்டின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்து ரத்தம் எடுக்கிறவரும் மருந்து கொடுக்கிறவரும் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். காலை மட்டும் பாருங்கள். கால் வீங்கியவரிடம் கீழ் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று யாரும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. டாக்டர் கேட்டால், “அது இதுக்குத் தேவையா சார்” என்று நீங்கள் மெல்லக் கேட்கலாம். செவிலியர் கேட்டால் அவர்கள் நிறுத்திக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

நாளத்தில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்காது, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அங்கே கேஷுவாலிட்டியில் உங்களுக்குத் தெரிந்த சிஸ்டர் யாராவது இருப்பார், அவருக்கு ஒரு ஃபோன் போட்டு, இன்ன பெயரில் ஒருவர் வருகிறார், கால் வீக்கம், டி.வி.டி. சந்தேகம், இந்தப் பெயரால் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். அந்த ஃபோனை அவர் கண் எதிரிலேயே போடுங்கள்.